கடைசி வரைக்கும் முறுக்கின வளையம்

நேற்று நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததே, அதற்குக் கை தட்டியவர்கள் யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். போட்டவன் நம்மோடு படித்த என் மாமா மகன். கறுப்பு வானம், நடுவில் பஞ்சைப் பிய்த்து ஒட்டின மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. கீழே, ‘எங்க அப்பா அந்தக் காலத்திலேயே எடுத்த மின்னல். நம்ம இராஜபாளையத்தில் முதன்முதலாக மின்னலைப் படம் பிடித்தவர் அவர்தான். அடுத்த வாரம் பாராட்டு விழா, எல்லோரும் வரணும்’ என்று எழுதியிருந்தான். உடனே ஒருத்தி ‘ஓவியம் மாதிரி இருக்கு’ என்கிறாள். இன்னொருத்தர் ‘அந்தக் காலத்து ஆளுக திறமையே தனி’ என்கிறார். அடடா, என்ன ரசனை!

நான் கை தட்டவில்லை. ஏன் என்று யாராவது கேட்பீர்கள் என்று ராத்திரி வரைக்கும் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன், மாமா மகனும் படிக்கட்டும். அது ஓவியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஃபோகஸ் தப்பின படம். அந்தத் தப்பை ஒப்புக்கொள்ள ஒரு மனிதருக்கு வாய் வராததால் என் அம்மாவின் பெயர் கெட்டது. கெட்ட பெயரை வைத்து என்னைக் கூப்பிட்டதில் உங்களில் சிலருக்கும் பங்குண்டு. யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்போது நாங்கள் கண்மாய்க்கரைத் தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே கண்மாய், அதற்கு அந்தக் கரையில் பேண்டேஜ் துணி நெய்கிற ஆலை, ஆலைக்குப் பின்னால் மலை. அம்மாவுக்கு அந்த ஆலையில் டீ போடுகிற வேலை. எங்கள் வீட்டில் கடையில் வாங்கின துணியைவிட ஆலையில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணிதான் அதிகம். டீ வடிகட்ட அதுதான், விளக்குத் திரி அதுதான், என் சடைக்கு ரிப்பனும் அதுதான். சலவைப் பவுடர் வாடை என் தலையில் அடிக்கும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியும்.

ஆலையின் பஞ்சுக் குடோன் சுவரை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு. அதில்தான் அம்மாவின் மரத்தூள் அடுப்பு இருந்தது. பஞ்சுக்குப் பக்கத்தில் அடுப்பை வைக்கச் சொன்ன மகா புத்திசாலி யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, இன்றைக்கு நான் கேட்கிறேன். வேலை முடிந்து கிளம்பும்போது அம்மா அடுப்பில் தண்ணீர் ஊற்றுவாள். கம்பியை விட்டுத் தூளைக் கிளறுவாள், மறுபடியும் ஊற்றுவாள். அதற்குப் பிறகு உள்ளங்கையை அடுப்புக்குள் விட்டுத் தொட்டுப் பார்ப்பாள். கை சுடவில்லை என்றால்தான் சாய்ப்பின் படலைச் சாத்துவாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். ஒருநாள்கூட அவள் அந்தக் கையை விட்டுப் பார்க்காமல் கிளம்பி நான் பார்த்ததில்லை.

நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை லீவில் மாமா வந்தார். அம்மாவுக்கு மூத்தவர், பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்க்கிற பிரிவில் இருந்தார். அந்தத் தடவை தோளில் ஒரு கேமராவும் தொங்கியது. தடித்த தோல் உறை, உள்ளே சிவப்பு வெல்வெட், திறந்தால் புதுச் செருப்பு வாசனை. நீளமான லென்ஸ் ஒன்று தனியாகத் தகர டப்பாவில் வந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அம்மா ஒவ்வொருவருக்கும் டீ போட்டுக் கொடுத்து, “எங்கண்ணன் கேமராம்மா” என்று தானே வாங்கினதுபோலச் சொன்னாள்.

மாமாவின் ஆபீசர் மேசையில் மின்னல் படம் ஒன்று சட்டம் போட்டு வைத்திருந்ததாம். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. “நம்ம மலையில விழுத மின்னலை எடுத்துக் கொண்டுபோயி அந்த ஆபீசர் மூஞ்சிக்கு முன்னாடி நீட்டலைன்னா நான் பட்டாளத்தானே இல்லட்டி” என்று என்னிடம் சொன்னார். அந்த வருஷம் சித்திரை கடைசியிலிருந்தே சாயங்காலமானால் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை ஏமாற்றும், இடியும் மின்னலும் மட்டும் குறைவில்லாமல் வரும்.

அவர் செய்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் மணல் நிரப்பின பையை வைத்து, அதில் பள்ளம் செய்து கேமராவைப் பதிப்பார். கை பட்டால் ஆடும் என்று ஒரு ஒயரைத் திருகி வைத்து, அதன் முனைப் பொத்தானை அழுத்தி ஷட்டரைத் திறந்துவிடுவார். மின்னல் தானே வந்து விழுந்து தன்னைத் தானே வரைந்துவிட்டுப் போகும், அப்புறம் மூட வேண்டியதுதான். அதுவரை யாரும் மாடியில் நடக்கக் கூடாது, தும்மக் கூடாது. “மூச்சை மெதுவா விடுட்டி” என்பார். இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்த மனிதர் அந்த வளையத்தில் கோட்டை விட்டார்.

லென்ஸில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் கிட்டே இருப்பதோ தூரத்தில் இருப்பதோ துலக்கமாகத் தெரியும். கடைசியில் படுக்கப்போட்ட எட்டு மாதிரி ஒரு குறி. கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அந்தக் குறி. ஆனால் அவருடைய நீள லென்ஸில் வளையம் குறியோடு நிற்காது, அதைத் தாண்டியும் செத்த தூரம் போகும். மாமாவோ நட்டு முறுக்கிப் பழகின ஆள். எதையும் முட்டுகிற வரைக்கும் முறுக்காவிட்டால் அவருக்கு வேலை முடிந்த மாதிரி இருக்காது. எங்கள் வீட்டுக் குழாயை அவர் மூடிவிட்டுப் போனால் நானும் அம்மாவும் சேர்ந்து திறக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட கையால் வளையத்தையும் கடைசி வரைக்கும் முறுக்கி வைத்தார்.

அவர் இல்லாத நேரத்தில் நான் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பேன். ஆலைத் தண்ணீர் டேங்கின் மேல் ஒரு குண்டு பல்பு எரியும். வளையம் கடைசியில் இருந்தால் அது பூசணிக்காய் அளவுக்கு ஊதிப்போய்த் தெரிந்தது. கொஞ்சம் பின்னால் திருப்பினேன், சுருங்கியது. இன்னும் துளி திருப்பினேன், பல்பு மட்டும் பொட்டாக நின்றது, பக்கத்தில் இருந்த ஏணியின் படிகூடத் தெரிந்தது. அதற்கு மேல் திருப்பினால் மறுபடி ஊதியது. இதில் என்ன பெரிய வித்தை? கண் இருந்தால் போதும்.

ஓடிப்போய்ச் சொன்னேன். “மாமா, கடைசி வரைக்கும் திருப்பாதிய. லைட்டு பூசணிக்கா கணக்கா வீங்குது. செத்த பின்னாடி வச்சா நல்லாத் தெரியுது, வந்து பாருங்க.”

அவர் வந்து பார்க்கவில்லை. சாப்பிட்ட தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, “மலை எம்புட்டு தூரம்? மின்னல் எம்புட்டு தூரம்? கடைசிக்கு வைக்காம பொறவு எங்கன வைப்பாக? பொட்டப்புள்ள எனக்குப் பாடம் எடுக்கா பாரு” என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். “அவன் பட்டாளத்தான்ட்டி, அவனுக்குத் தெரியாததா?” என்றாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சாயங்காலம் அம்மா வெள்ளனவே ஆலையிலிருந்து வந்துவிட்டாள். வானம் கருத்துப்போய் மலையே தெரியவில்லை. வந்ததும், மின்னலை இழுக்கும் என்று முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள், ரேடியோ ஒயரைப் பிடுங்கினாள். மாமா ஒயரையும் மணல் பையையும் எடுக்கக் கீழே போயிருந்தார். கேமரா மாடிச் சுவரில் தனியாக இருந்தது. டேங்க் பல்பு அப்போது எரிந்துகொண்டிருந்தது. நான் போய் வளையத்தைத் திருப்பிப் பல்பைப் பொட்டாக்கி வைத்தேன். குடோன் கூரையின் தகர வரிகள்கூட அந்த வெளிச்சத்தில் தெரிந்தன. சரியாக வைத்தேன், இதை எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சொல்வேன்.

மாமா மேலே வந்து வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் இல்லை. “எவ கை வச்சா இதுல?” என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பொடனியில் ஒரு அடி விழுந்தது. அடித்த அதே கையால் வளையத்தைக் கடைசி வரைக்கும் முறுக்கினார். இருட்டாக இருக்கிறதென்று லென்ஸின் துவாரத்தையும் முழுசாகத் திறந்துவிட்டார். மங்கலை அது இன்னும் கூட்டும் என்று நான் பின்னால் தெரிந்துகொண்டேன். செத்த நேரத்தில் கரண்டு போனது, பல்பும் போனது. இனி ஆண்டவனே வந்தாலும் அந்த இருட்டில் சரிபார்க்க முடியாது.

அம்மா மாடிப்படியில் நின்று, “இடி விழுது, இறங்கி வாங்களேன் ரெண்டு பேரும்” என்று கத்திக்கொண்டிருந்தாள். மாமா பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தார். அப்போதுதான் விழுந்தது. வானத்திலிருந்து நேராக இறங்கி, இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை குடோன் கூரையின் வடக்கு மூலையில் குத்தியது. கண் முன்னால் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். “விழுந்துட்டு! ஆலையிலயே விழுந்துட்டுட்டி!” என்று குதித்தார். ஷட்டரை மூடி, “அப்படியே படத்துல அமுங்கியிருக்கும் பாரு” என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த மூலை சிவந்தது. மழை வந்து அணைப்பதற்குள் குடோனில் பாதிப் பஞ்சு போய்விட்டது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை.

காலையில் ஆலையின் சூப்பர்வைசர் வீட்டு வாசலில் நின்றார். “அடுப்பை அணைக்காமப் போயிட்டியேம்மா” என்றார். அம்மா முதலில் புரியாமல் முழித்தாள். பிறகு வாயில் அடித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றினதை, கையை விட்டுப் பார்த்ததை எல்லாம் சொன்னாள். மாமா தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, “மின்னல் விழுந்ததை நானே பார்த்தேன். பார்த்ததென்ன, என் கேமராவுல இருக்கு. கழுவி எடுத்துட்டு வாரேன், பொறவு பேசுங்க” என்றார்.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. “பொம்பளை மேல வீணாப் பழி போட எனக்கென்ன ஆசையா? மின்னல் குடோன்ல விழுந்திருக்குன்னு படத்துல தெரிஞ்சாப் போதும், அவ நாளைக்கே வேலைக்கு வரட்டும்” என்று சொல்லியனுப்பினார். ஆக எல்லாம் அந்த ஒரு படத்தில் வந்து நின்றது.

படம் கழுவ மூன்று பேரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மாமாவுக்குத் தெரிந்த ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. போகும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, “திரும்பி வரையில முதலாளி வீட்டுக்குப் பால்கோவா வாங்கிட்டுப் போவணும், நல்லாத்தான் நடந்துக்கிட்டாரு” என்றாள். ஸ்டுடியோவில் படம் கழுவுகிற ஹைப்போ மருந்து வாடைக்கு நடுவே மர பெஞ்சில் காத்துக்கிடந்தோம். கடைசியில் ஸ்டுடியோக்காரர் ஈரம் காயாத படத்தை நீட்டினார். “ஃபோகஸ் அவுட்டா இருக்கே சார்” என்றார்.

நேற்று நீங்கள் கை தட்டினீர்களே, அந்தப் படம்தான். வெள்ளைத் திட்டு. குடோன் எது, மலை எது, மின்னல் எந்த இடத்தில் முடிகிறது, எதுவும் தெரியாது. மாமாவின் முகம் செத்துப்போனது. என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அடுத்த நிமிஷம் ஸ்டுடியோக்காரரிடம் திரும்பி, “மின்னல்னா அப்படித்தான்யா இருக்கும். நீ எத்தனை மின்னல் பார்த்திருக்க?” என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்காமல் நாங்கள் திரும்பினது அந்த ஒரு தடவைதான்.

முதலாளியின் அறையில் சூப்பர்வைசர் படத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். “இதுல குடோன் எங்கன இருக்கு? எல்லாம் மாவு கரைச்ச மாதிரில்லா இருக்கு” என்றார். முதலாளி மாமாவிடம் தன்மையாகத்தான் கேட்டார். “எடுக்கையில ஏதும் தப்பாப் போச்சாய்யா?”

ஒரே ஒரு வார்த்தை. ‘ஆமாம், வளையத்தைத் தப்பாக வைத்துவிட்டேன், ஆனால் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.’ இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல முதலாளி. மின்னலைத் தெளிவா எடுக்க உலகத்துல எவனாலயும் முடியாது. எவன் எடுத்தாலும் இதான்” என்றார். அப்படியானால் ஆபீசர் மேசையில் இருந்தது என்னவாம்?

“சரி, உங்க கணக்குப்படி படம் சரி. இதுல வெளிச்சம் நடுவானத்துல, மலைப்பக்கமாத்தான தெரியுது” என்றார் சூப்பர்வைசர்.

மாமா பேசவில்லை. முந்தின நாள் தெருவைக் கூட்டி ‘நான் பார்த்தேன்’ என்று முழங்கின வாய் அது. இப்போது பார்த்ததைச் சொன்னால் படம் தப்பு என்றாகும், படம் தப்பு என்றால் எடுத்தவன் தப்பு என்றாகும். தங்கையின் பிழைப்பா, தன் வீறாப்பா என்று வந்தபோது வீறாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. “மாமா வளையத்தைக் கடைசி வரைக்கும் முறுக்கிட்டாக! நான் சரியா வச்சிருந்தேன், அவுகதான் முறுக்கினாக!” என்று கத்தினேன். என் வாயைப் பொத்தினது மாமா இல்லை, அம்மா. “அவிய பேசுதாகள்ல, நீ சும்மா கிட” என்றாள். அந்தக் கையில் டீத்தூள் வாடை அடித்தது.

அன்றோடு வேலை போனது. அதுகூடப் பரவாயில்லை, அம்மா தீப்பெட்டி ஒட்டி என்னைப் படிக்க வைத்துவிட்டாள். ஆனால் ஊரில் ஒரு கல்யாண வீட்டில்கூட அவளை அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். ஆறாம் வகுப்பில் என்னைத் ‘தீ வச்சவ மக’ என்று கூப்பிட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சிரித்த முகங்கள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கின்றன. ஃபோகஸ் தப்பாமல்.

இதையெல்லாம்விட மோசமான ஒன்று உண்டு. அண்ணன் பொய் சொல்ல மாட்டான் என்று அம்மா நம்பினாள். அவன் எடுத்த படம் சரியென்றால் மின்னல் மலையில்தான் விழுந்திருக்கிறது. மாடியில் அண்ணன் குதித்துச் சொன்னதும் நான் பார்த்ததும் அவளுக்கு ‘அவசரத்துல கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்’ என்றாகிவிட்டது. அப்படியென்றால் குடோன் எதனால் எரிந்தது? கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்தாள். “அன்னைக்கு வானம் இருட்டிருச்சுன்னு அவசரமா ஓடியாந்தேம்லா, ஒருவேளை கையை விட்டுப் பார்க்காம வந்துட்டனோ” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாள். வெளியே கிளம்பினால் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து அடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள். வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. ஆலைக்காரர்கள் வேலையைத்தான் பறித்தார்கள். மாமா அவளுடைய நிச்சயத்தையே பறித்துவிட்டார்.

இந்த வைகாசியில் நான் ஒரு காரியம் செய்தேன். மகளின் கேமராவை வாங்கிக்கொண்டு அதே வீட்டு மொட்டை மாடிக்கு, வீட்டுக்காரரிடம் கேட்டு ஏறினேன். ஆலை போய் அங்கே கல்யாண மண்டபம் வந்திருக்கிறது. தானாக ஃபோகஸ் பிடிக்கிற வசதியை முதலில் நிறுத்தினேன், இருட்டில் அது முன்னும் பின்னும் துழாவிக்கொண்டே இருக்கும். மண்டபத்து உச்சி விளக்கைத் திரையில் பெரிதாக்கி, அது பொட்டாகிற வரைக்கும் வளையத்தைத் திருப்பினேன். அசையாமல் இருக்க ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன். பிறகு காத்திருந்தேன். விழுந்தது மலையில்தான். ஆனால் எந்தப் பாறை மேல் விழுந்தது என்று சொல்லலாம். மண்டபத்துக் கூரையில் நின்ற ஆன்டெனாக் கம்பிகூட எண்ணுகிற மாதிரி இருந்தது.

பிரிண்ட் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தேன். கண் ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாகத் தெரிகிறது அவளுக்கு. ரொம்ப நேரம் பார்த்தாள். மின்னலின் ஒவ்வொரு கிளையாக விரலை ஓட்டினாள்.

“இம்புட்டுத் தெளிவா விழுமாட்டி?”

“விழும்மா. அன்னைக்கும் விழுந்திருக்கும்.”

“அண்ணன் முடியாதுன்னானே.”

“அவுகளுக்குத் தெரியும்மா. தெரிஞ்சேதான் சொன்னாக.”

அம்மா படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். “அப்போ நான் அணைச்சிட்டுத்தான் வந்தேன்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். கிழவியானவள், பெற்ற மகளிடம், பரீட்சையில் தேறிவிட்டேனா என்று கேட்கிற குரலில் கேட்டாள். அணைத்துவிட்டுத்தான் வந்தாய் என்று சொன்னேன். எத்தனை தடவை சொன்னேனோ.

நேற்றுப் படம் குழுவில் வந்ததும் மாமாவுக்கு போன் போட்டேன். வயதாகிவிட்டது, இருந்தாலும் குரலில் முறுக்கு இறங்கவில்லை. “விழாவுக்கு முன்னாடி ஒருதரம் வீட்டுக்கு வந்து, தப்பு உங்க மேலதான்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா” என்றேன்.

“எதுக்குட்டி பழசைக் கிளறுத? நாலு பேரு பாராட்டுத நேரத்துல” என்றார். பிறகு, “மின்னல்னா அப்படித்தான்” என்றார். போனை வைத்துவிட்டார்.

விழாவுக்குப் போகிறவர்கள் போங்கள். பொன்னாடை போர்த்துகிறவர்கள் போர்த்துங்கள். நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். சாப்பாடு கடையில் வாங்கினது, மத்தியானத்திலிருந்து அடுப்பே பற்ற வைக்கவில்லை. அம்மா மின்னல் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தாள், படுத்தாள். செத்த நேரத்தில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். குளிர்ந்து கிடந்த கேஸ் அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.